கொள்ளையர் எழுதிய பட்டியல்

1894 நவம்பரில், இன்றைய இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் சக்ரநகரா அரண்மனை வீழ்ந்த கையோடு எடைபோடும் வேலை தொடங்கிவிட்டது. சுமார் 230 கிலோ தங்கம், 7,000 கிலோ அளவுக்கு வெள்ளி, பெட்டி பெட்டியாக நகைகள். எல்லாம் எண்ணப்பட்டன, பிரிக்கப்பட்டன, எழுதப்பட்டன. நாணயங்கள் காலனி அரசின் கஜானாவுக்குப் போயின. வேலைப்பாடு மிக்கவற்றில் ஒரு பகுதி பட்டாவியா (இன்றைய ஜகார்த்தா) அருங்காட்சியகத்துக்கும் மறு பகுதி கப்பலேறி நெதர்லாந்துக்கும் சென்றன. கொள்ளைக்காரர்கள் பொதுவாகக் கணக்கு வைப்பதில்லை. டச்சுக்காரர்கள் வைத்தார்கள். நூற்றிருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கணக்கே அவர்களுக்கு எதிரான சாட்சியாக வந்து நின்றது.

லொம்போக்கின் கதை நல்லவர் கெட்டவர் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்ல வசதியான கதை அல்ல. தீவை ஆண்டவர்கள் பாலியிலிருந்து வந்த இந்து அரச குடும்பத்தினர். குடிகளில் பெரும்பான்மையோர் சசாக் முஸ்லிம்கள். வரியும் கட்டாய ஊழியமும் தாங்காமல் 1891இல் சசாக்குகள் கிளர்ந்தார்கள். அவர்களின் தலைவர்கள் டச்சு அரசிடம் உதவி கேட்டார்கள். தீவில் காலூன்றக் காத்திருந்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்? 1894 ஜூலையில் படை இறங்கியது. அரசர் பணிந்தார், போர்ச்செலவை ஈடுகட்டவும் சம்மதித்தார். ஆனால் ஆகஸ்ட் 25ஆம் தேதி நள்ளிரவில் பாலியர்கள் டச்சு முகாமைத் தாக்கினார்கள். நூறு பேரளவில் மாண்டார்கள், தளபதிகளில் ஒருவரான வான் ஹாம் உட்பட. டச்சுப் பத்திரிகைகள் இதற்கு ‘லொம்போக் துரோகம்’ என்று பெயர் வைத்தன. அரசர் அழையாமலே வந்து முகாமிட்டவர்களைத் தாக்கியது துரோகமானது எப்படி என்று அன்றைக்கு அங்கே யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

பழிவாங்கல் நவம்பர்வரை நீண்டது. அந்தப் படையில் இருந்த ஓர் இளம் அதிகாரி, இரக்கம் கேட்டு நின்ற ஒன்பது பெண்களையும் மூன்று குழந்தைகளையும் சுடச் செய்ததைத் தன் மனைவிக்குக் கடிதமாக எழுதினார். வேலை பிடிக்கவில்லை, ஆனால் வேறு வழியில்லை என்பது அவர் சொன்ன விளக்கம். அவர் பெயர் ஹென்ட்ரிகஸ் கோலைன். பின்னாளில் நெதர்லாந்தின் பிரதமரானார், அதுவும் ஒருமுறை அல்ல. அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் 1998இல் அந்தக் கடிதத்தை வெளியிட்ட பிறகுதான் டச்சுப் பொதுமக்களுக்கு அது தெரியவந்தது.

அரண்மனையில் தங்கத்தைவிட மதிப்பு வாய்ந்த ஒன்றும் இருந்தது. படையோடு சென்ற மொழியியலாளர் பிரான்டெஸ், எரியவிருந்த நூலகத்திலிருந்து நூற்றுக்கணக்கான ஓலைச்சுவடிகளை மீட்டார். அவற்றுள் ஒன்று, 1365இல் பிரபஞ்சா என்ற கவி ஜாவாவின் மஜாபாகித் பேரரசைப் பாடிய நாகரகிருதாகமம். அதுவரை வெளியுலகம் அறியாத காவியம். மஜாபாகித்தின் ஆளுகைக்கு உட்பட்டவை என்று அது அடுக்கும் தீவுகளின் பெயர்கள், பிற்காலத்தில் இந்தோனேசியா என்ற ஒரே தேசத்தைக் கற்பனை செய்தவர்களுக்குப் பெரிய ஊக்கமாயின. சுவடி லெய்டன் பல்கலைக்கழகத்தில் தங்கியது. பிரான்டெஸ் இல்லாவிட்டால் அது சாம்பலாகியிருக்கும் என்ற வாதம் உண்மைதான். பிரான்டெஸோடு வந்த படை இல்லாவிட்டால் அரண்மனையே எரிந்திருக்காது என்பதும் உண்மைதான். அருங்காட்சியகக் குறிப்பட்டைகள் பல காலம் முதல் உண்மையோடு நிறுத்திக்கொண்டன.

இப்படிப் போனவற்றைத் திருப்பிக் கேட்பது ஒன்றும் புதிதல்ல. 1949இல் ஹேக் நகரில் நடந்த வட்டமேசை மாநாட்டில் நெதர்லாந்து இந்தோனேசியாவின் சுதந்திரத்தை ஏற்றுக்கொண்டபோது, பண்பாட்டுப் பொருள்களைத் திருப்பித் தருவது பற்றிய ஒரு பிரிவும் ஒப்பந்தப் பத்திரங்களில் இருந்தது. நடைமுறைக்கு வரவில்லை. அதே மாநாட்டில் காலனி அரசின் கடனில் 400 கோடி கில்டருக்கு மேல் புதிய நாட்டின் தலையில் கட்டப்பட்டது. இந்தோனேசியக் குடியரசை ஒழிக்க நடத்திய ராணுவ நடவடிக்கைகளின் செலவும் அந்தக் கடனுக்குள் அடங்கியிருப்பதாக இந்தோனேசியர்கள் வாதிட்டுப் பார்த்தார்கள். வீடு புகுந்தவன் தன் வண்டிச் சத்தத்தையும் வீட்டுக்காரரிடமே வசூலித்த மாதிரி. 1956இல் இந்தோனேசியா ஒப்பந்தங்களை ரத்து செய்தது. பண்பாட்டுப் பிரிவும் அதோடு போயிற்று.

உறவு சீரான 1970களில் சில பொருள்கள் திரும்பின. நாகரகிருதாகமச் சுவடி வந்தது. லொம்போக் புதையலில் நெதர்லாந்தில் இருந்ததில் ஏறக்குறைய பாதி 1977இல் வந்தது. கிழக்கு ஜாவாவின் சிங்கசாரியில் கிடைத்த, பௌத்த தெய்வமான பிரக்ஞாபாரமிதையின் சிலை 1978இல் லெய்டனிலிருந்து ஜகார்த்தா போனது. ஆனால் டச்சுத் தரப்பு இதையெல்லாம் கடமை என்று ஒப்புக்கொள்ளவில்லை, வளர்ச்சி உதவி என்ற கணக்கிலேயே எழுதிக்கொண்டது. நல்லெண்ணத்தின் பேரில் தருகிறவர் எவ்வளவு தருவது, எப்போது நிறுத்துவது என்பதைத் தானே முடிவுசெய்யலாம். ‘பாதி’ என்ற கணக்கு வேறெங்கிருந்து வந்திருக்கும்?

1975இல் நடந்த பேச்சுவார்த்தையில் வாக்குறுதி தரப்பட்டும் வராமல் போன ஒன்று, இளவரசர் திபொநெகொரோவின் கிரிஸ் என்னும் குறுவாள். 1825 முதல் 1830வரை ஜாவாவில் டச்சு ஆட்சியை எதிர்த்துப் போரிட்டவர் அவர். 1830 மார்ச் 28 அன்று மகெலாங்கில் பேச்சுவார்த்தைக்கு அழைத்துவிட்டுக் கைதுசெய்தார்கள். குறுவாள் கிளீரன்ஸ் என்ற அதிகாரி வழியாக மன்னர் முதலாம் வில்லெமுக்குப் போனது. அரசரின் சேகரிப்பு கலைக்கப்பட்டபோது ஓர் அருங்காட்சியகத்திலிருந்து இன்னொன்றுக்கு இடம்மாறி, லெய்டனில் இருந்த எத்தனையோ கிரிஸ்களுக்குள் ஒன்றாகக் கலந்துவிட்டது. தேடிப் பிடிக்க உதவியவை காகிதங்கள். திபொநெகொரோவின் படைத்தலைவர் செந்தொட், அந்தக் குறுவாள் கிளீரன்ஸுக்குத் தரப்பட்டதைப் பார்த்ததாக எழுதிய கடிதம் ஒன்று. அப்போது நெதர்லாந்தில் வாழ்ந்த ஜாவா ஓவியர் ராடன் சாலே அதைப் பார்த்துவிட்டு எழுதிய குறிப்பு இன்னொன்று. 2020 மார்ச்சில், அரசர் வில்லெம்-அலெக்சாண்டரின் இந்தோனேசியப் பயணத்தை ஒட்டி அது ஒப்படைக்கப்பட்டது. இது அந்தக் கிரிஸ்தானா என்று இன்றும் சந்தேகிக்கிற நிபுணர்கள் உண்டு. 1975இல் ஒப்புக்கொண்டதை நிறைவேற்ற நாற்பத்தைந்து ஆண்டு பிடித்ததைப் பற்றி மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அதே 2020இல்தான் அடிப்படையே மாறியது. சூரினாமில் பிறந்த சட்ட வல்லுநர் லிலியன் கொன்சால்வெஸ் தலைமையிலான குழு அக்டோபரில் ஓர் அறிக்கை தந்தது. மறு ஆண்டு ஜனவரியில் டச்சு அரசு அதைக் கொள்கையாக ஏற்றது. சாரம் எளிமையானது: முன்னாள் டச்சுக் காலனி ஒன்றில் உரியவர் விருப்பமின்றி ஒரு பொருள் பறிபோனது நியாயமான உறுதியோடு தெரியவந்தால், அந்த நாடு கேட்கும்போது நிபந்தனையின்றித் திருப்பித் தரவேண்டும். நிபந்தனையின்றி என்றால், உங்கள் நாட்டில் குளிர்சாதன வசதி உண்டா, யார் பாதுகாப்பார்கள், எங்கே வைப்பீர்கள் என்று கேட்கக் கூடாது. பறிபோனதாக நிறுவ முடியாத பொருள்களுக்கும், வேறு வல்லரசுகளின் காலனிகளிலிருந்து வந்தவற்றுக்கும் இரு தரப்பு நலன்களையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும்.

2023 ஜூலையில் முதல் முடிவு வந்தது. மொத்தம் 478 பொருள்கள். அவற்றில் 472 இந்தோனேசியாவுக்கு: லொம்போக் புதையலில் மிஞ்சியிருந்த 335, சிங்கசாரிக் கோயில் சிலைகள் நான்கு, பாலியின் க்ளுங்குங் அரசிலிருந்து வந்த கிரிஸ் ஒன்று, 1930களின் பாலி ஓவிய இயக்கமான பிதா மகா சார்ந்த 132 கலைப்படைப்புகள். க்ளுங்குங்கில் 1908இல் நடந்ததை மறக்க முடியாது. சரணடைய மறுத்த அரசரும் அரண்மனையைச் சேர்ந்தவர்களும் வெள்ளை உடுத்தி டச்சுத் துப்பாக்கிகளின் முன்னால் நடந்து சென்று மாண்டார்கள். ‘புபுதான்’ என்று பாலியர்கள் அதைச் சொல்கிறார்கள். பிதா மகா படைப்புகளோ வேறு வகை, யாரும் சூறையாடியவை அல்ல. அவற்றையும் சேர்த்துத் தந்தது, பறிபோனவற்றைத் திருப்பித் தரும் விதியைவிட ஓரடி கூடுதலாக வைத்த அடி.

மீதி ஆறும் இலங்கைக்கு. அதில் முக்கியமானது ஒரு பீரங்கி. போரில் வெடித்த பீரங்கி அல்ல. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்தில், வெண்கலக் குழலில் பொன்னும் வெள்ளியும் இழைத்து, மாணிக்கம் பதித்து, சிங்கமும் சூரிய சந்திரரும் பொறித்த அலங்காரப் பொருள். லெவ்கே என்ற திசாவை (மாகாண ஆளுநர்) 1740களில் கண்டி அரசருக்குக் காணிக்கையாகக் கொடுத்தது. 1765இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநர் வான் எக் கண்டியின் மீது படையெடுத்தார். அப்போது அரியணையில் இருந்தவர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், மதுரையிலிருந்து வந்த நாயக்கர் குடும்பத்தவர். அரசர் காட்டுக்குள் பின்வாங்கினார், வெறுமையான அரண்மனையைப் படை சூறையாடியது. வான் எக் சில வாரங்களில் இறந்துபோனார். பீரங்கி ஹாலந்துக்குச் சென்று அரச குடும்பத்தின் விநோதப் பொருள்களோடு சேர்ந்து, கடைசியில் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்துக்கு வந்தது.

கண்டி அரண்மனைக்கும் கம்பெனிக்கும் இடையே தூதுக் குழுக்களும் பரிசுகளும் வழக்கமாகப் போய்வந்தவை. ஆகவே இது பரிசாக வந்ததா, கொள்ளையா என்பதைப் பிரித்தறிய வேண்டியிருந்தது. லெய்டன் வரலாற்றாளர் அலிசியா ஷ்ரிக்கரும் சக ஆய்வாளர்களும் கம்பெனி ஆவணங்களையும் பொருள்களையும் இலங்கை அறிஞர்களோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். 1765ஆம் ஆண்டுச் சூறையில் எடுக்கப்பட்டது என்ற முடிவுக்கு வந்தார்கள். பீரங்கியும், சிங்கமுகப் பிடி போட்ட பொன், வெள்ளிக் கஸ்தானே வாள்களும், ஒரு கத்தியும், இரண்டு துப்பாக்கிகளும் 2023 டிசம்பரில் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கப்பட்டன. அதே அருங்காட்சியகத்தில் கண்டி அரியணையும் இருக்கிறது. அதன் பயணம் இதைவிட வேடிக்கையானது. 1693இல் டச்சு ஆளுநர் கண்டி அரசருக்குப் பரிசாகத் தந்தது, 1815இல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்தபோது இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது, 1934இல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் திருப்பி அனுப்பியது. இலங்கை அப்போது இன்னும் காலனிதான். திருப்பித் தருவது இன்றைய தலைமுறை கண்டுபிடித்த புதுப் பழக்கம் என்று புலம்புகிறவர்களுக்கு இந்த ஆண்டு நினைவிருப்பதில்லை.

டச்சு முறையைப் பலரும் முன்மாதிரி என்கிறார்கள். பிரிட்டனோடும் பிரான்ஸோடும் ஒப்பிட்டால் அந்தப் பாராட்டு நியாயம்தான். பிரிட்டிஷ் மியூசியம் தன் பொருள்களைக் கொடுக்க 1963ஆம் ஆண்டுச் சட்டம் இடம்தரவில்லை என்கிறது. பிரான்ஸ் 2020இல் பெனின் நாட்டுக்கு 26 பொருள்களைத் தர நாடாளுமன்றத்தில் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. நெதர்லாந்தில் பொருள் அரசுடைமை என்றால் அமைச்சரின் கையெழுத்துப் போதும். ஆனாலும் இந்த முறைக்குள் ஒரு கோணல் இருக்கிறது. பறிபோனது என்பதற்கான சான்று பெரும்பாலும் பறித்தவர் எழுதிய காகிதம். படையதிகாரியின் நாட்குறிப்பு, கம்பெனியின் சரக்குப் பட்டியல், அருங்காட்சியகத்தின் வரவுப் பதிவேடு. அரசர்களிடமிருந்து எடுத்ததை எழுதி வைத்தார்கள், ஏனென்றால் அது வெற்றியின் அடையாளம். ஒரு சிப்பாய் சசாக் கிராமத்து வீட்டிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட வெள்ளி வளையலை யாரும் எழுதவில்லை. அது அவன் பேத்தி வழியாக ஏதோ ஒரு சிற்றூர் அருங்காட்சியகத்துக்கு ‘அன்பளிப்பு, கிழக்கிந்தியா’ என்ற பெயரில் வந்து சேர்ந்திருக்கும். ஆகவே திரும்புவது பெரும்பாலும் ராஜாக்களின் சொத்து.

இன்னொரு கோணல், கேட்கும் உரிமை நாடுகளுக்கு மட்டுமே உண்டு. லொம்போக் புதையல் பாலி அரச குடும்பத்துடையதா, வரியாக அதைக் கொட்டிக் கொடுத்த சசாக் உழவர்களுடையதா, அன்றைக்கு இல்லாத இந்தோனேசியக் குடியரசுடையதா? இதற்கு ஆளுக்கொரு பதில் இருக்கலாம். ஆனால் அது ஹேக்கில் உட்கார்ந்து தீர்க்கிற வழக்கு அல்ல. உரியவர்கள் யார் என்பதில் குழப்பம் இருப்பதால் நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்று சொல்வது, குழப்பத்திலிருந்து லாபம் பார்ப்பது.

இழந்தவர்கள் தரப்பிலும் பட்டியல்கள் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். கொழும்பு அருங்காட்சியக இயக்குநர் பி.எச்.டி.எச். டி சில்வா, உலகின் பல அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான இலங்கைப் பொருள்களைத் தொகுத்து 1975இல் நூலாக்கினார். இணையமில்லாத காலத்தில் கடிதம் எழுதிக் கடிதம் எழுதிச் சேர்த்த தகவல்கள். இன்றைய ஆய்வாளர்களின் மேசைகளில் அந்தப் பட்டியலுக்கும் இடம் இருக்கிறது.

காகிதம் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு, லெய்டன் செப்பேடுகள் என்று பெயர்பெற்ற ஆனைமங்கலச் செப்பேடுகள். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரின் வருவாயைக் கொடையளித்ததைச் சொல்பவை. பெரிய தொகுதியில் 21 ஏடுகள். ஐந்து வடமொழியில், பதினாறு தமிழில். கிறித்தவப் போதகர் ஃப்ளோரென்டியஸ் கேம்பர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாலந்துக்குக் கொண்டுபோனதாகச் சொல்லப்படுகிறது. 1862இல் அவை லெய்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்தன. இங்கே படையெடுப்பும் இல்லை, சூறையின் பட்டியலும் இல்லை. ஆனால் 1658 முதல் நாகப்பட்டினம் டச்சுக் கம்பெனியின் பிடியில் இருந்தது. கோட்டையும் பீரங்கியும் வைத்திருக்கிற ஒரு கம்பெனியின் ஆள், சோழர் செப்பேட்டை யாரிடம் கேட்டு எடுத்திருப்பார்? இந்தியாவின் கோரிக்கை யுனெஸ்கோவரை போனது. ‘விருப்பமின்றிப் பறிபோனது’ என்ற அளவுகோலுக்கு இது கடினமான சோதனை. எழுத்துச் சான்று இல்லாததையே சம்மதத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டால், காலனியக் காலத்தின் கணிசமான பகுதிக்கு மன்னிப்பு வழங்கியதாகும்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 செப்டம்பர் 16 அன்று ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி தீப்பிடித்தது. பொருள்களைத் திருப்பித் தரும் முடிவு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இதைத்தானே சொன்னோம் என்று ஐரோப்பாவில் சிலர் சொல்லிக்காட்டினார்கள். அவர்கள் 1931 ஜூன் 28ஐ மறந்துவிட்டார்கள். பாரிஸ் காலனியக் கண்காட்சியில் டச்சு மண்டபம் எரிந்து தரைமட்டமானது. பட்டாவியாவிலிருந்து கடனாகக் கொண்டுவந்திருந்த அரிய பொருள்கள் பல அதோடு போயின. நெருப்புக்கு எந்தக் கண்டமும் ஒன்றுதான்.

2024இல் மேலும் 288 பொருள்கள் இந்தோனேசியாவுக்குத் தரப்பட்டன. 2025இல், இன்றைய நைஜீரியாவில் இருந்த பழைய பெனின் அரசின் 119 வெண்கலங்கள் நைஜீரியாவுக்கு. ஆனால் அருங்காட்சியக உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த முடிவு. லெய்டனின் நேச்சுராலிஸ் அருங்காட்சியகத்தில் இருந்த துபுவா சேகரிப்பை, 28,000க்கு மேற்பட்ட புதைபடிவங்களை, இந்தோனேசியாவிடம் ஒப்படைப்பது என்ற முடிவு.

யூஜின் துபுவா ராணுவ மருத்துவராக டச்சுக் கிழக்கிந்தியாவுக்குப் போனவர். மனிதனின் மூதாதையைத் தேடிப் பிடிப்பதே அவருடைய குறி. 1891இல் ஜாவாவின் திரினில் என்ற இடத்தில், சோலோ ஆற்றங்கரையில் ஒரு மண்டையோட்டின் மேல்பகுதி கிடைத்தது, மறு ஆண்டு ஒரு தொடை எலும்பு. உலகம் ‘ஜாவா மனிதன்’ என்று அறிந்தது, அறிவியல் ஹோமோ எரெக்டஸ் என்று வகைப்படுத்தியது. மண்ணைத் தோண்டியவர் துபுவா அல்ல. அரசு அவருக்கு அனுப்பிவைத்த கைதிகள். திரினில் ஆற்றங்கரையில் அவர் நாட்டிய கல் இன்றும் இருக்கிறது. எலும்பு கிடைத்த இடம் இங்கிருந்து கிழக்கு-வடகிழக்கே 175 மீட்டர் என்று பொறித்திருக்கிறது. தோண்டியவர்களின் பெயர் அதில் இல்லை.

அந்தச் சேகரிப்பில் நூறாண்டுக்கு மேல் யாரும் கவனிக்காமல் கிடந்த நன்னீர்ச் சிப்பி ஒன்றில், கூரிய கருவியால் கீறிய வளைவுநெளிவுக் கோடு இருப்பதை 2014இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். குறைந்தது 4,30,000 ஆண்டுப் பழைமை. ஹோமோ சேப்பியன்ஸ் தோன்றுவதற்கு முன்பே ஒரு கை வேண்டுமென்றே போட்ட கோடு. எலும்பும் சிப்பியும் யாருடைய பண்பாடும் அல்ல, மனித குலத்துக்குப் பொது, அதனால் திருப்பித் தரும் விதி பொருந்தாது என்பது அதுவரை இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களின் தரப்பு. கோரிக்கைகளை ஆராயும் டச்சுக் குழு அதை ஏற்கவில்லை. இந்தப் புதைபடிவங்களுக்கு உள்ளூர் மக்களிடம் ஆன்மிக மதிப்பும் பொருள் மதிப்பும் இருந்தன, கிடைக்கும் இடங்களைக் காட்டும்படி அவர்கள் கட்டாயப்படுத்தப்பட்டார்கள், ஆகவே இதுவும் விருப்பமின்றிப் பறிபோனதே என்று முடிவுசெய்தது. மனித குலத்துக்குப் பொதுவானது ஏன் எப்போதும் லெய்டனிலோ லண்டனிலோ இருக்க வேண்டும் என்ற கேள்விக்கும் அந்த முடிவில் பதில் இருக்கிறது.

இந்தத் தர்க்கம் ஜாவாவோடு நிற்காது. பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் நிற்கும் பிரமாண்ட டைனோசர், ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவாக இருந்த தான்சானியாவின் தெண்டகுருவில் 1909 முதல் 1913வரை நூற்றுக்கணக்கான உள்ளூர் உழைப்பாளிகள் தோண்டிச் சுமந்து கொண்டுவந்து சேர்த்த எலும்புகள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் காப்வே மண்டையோடு, 1921இல் இன்றைய சாம்பியாவின் ஈயச் சுரங்கம் ஒன்றில் கிடைத்தது. அதைத் திருப்பிக் கேட்டு சாம்பியா 1970களிலேயே எழுதத் தொடங்கிவிட்டது.